செராமிக் கோட்டிங் போடலாமா? காசு கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

புதுக் கார் டெலிவரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஷோரூமிலிருந்து போன் வரும். இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், மேட் எல்லாம் பேசி முடித்த பிறகு, "செராமிக் கோட்டிங் போட்டுடலாம் சார், மூணு வருஷத்துக்கு பெயின்ட்டைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்" என்பார்கள். பல லட்சம் கொடுத்துக் கார் எடுக்கும் நேரத்தில் இன்னொரு 20,000 ரூபாய் பெரிதாகத் தெரியாது. சரி என்று தலையாட்டிவிடுவோம். என் முதல் காருக்கு நானும் அப்படித்தான் தலையாட்டினேன்.

இப்போது தெரிந்தவர்கள் யார் கேட்டாலும் ஒன்றுதான் சொல்கிறேன். கோட்டிங் நல்ல பொருள். ஆனால் உங்கள் காருக்கு அது தேவையா என்பது கார் எங்கே நிற்கிறது, எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள், துடைப்பவர் கையில் என்ன துணி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இவற்றைப் பார்க்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கே புக் பண்ணா ஆஃபர்" என்றாலும் பரவாயில்லை. ஒரு வாரத்தில் பெயின்ட் ஒன்றும் ஆகிவிடாது.

முதலில், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

காரின் இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத க்ளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் அந்த மேல் க்ளியர் கோட்டில்தான் இருக்கின்றன. அதன் தடிமன் 40, 50 மைக்ரான்.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா சார்ந்த ஒரு திரவம். ஒரு காருக்கு 30 அல்லது 50 மில்லி பாட்டில் ஒன்று போதும், இருமல் மருந்து பாட்டிலைவிடச் சின்னது. சின்ன ஸ்பாஞ்சில் துணியைச் சுற்றி, சில சொட்டு விட்டு, கை அகல இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தடவுவார்கள். சற்று நேரத்தில் அந்த இடத்தில் எண்ணெய் படிந்த தண்ணீர் போல வானவில் நிறம் ஓடும். அப்போது துடைத்தெடுக்க வேண்டும். தாமதித்தால் திட்டாக நின்றுவிடும், பிறகு பாலிஷ் போட்டு, அதாவது மேற்பரப்பை மிக லேசாகத் தேய்த்துத்தான் எடுக்க முடியும். கரைப்பான் ஆவியான பிறகு மிஞ்சுவது க்ளியர் கோட்டோடு ஒட்டிக்கொண்டு இறுகும். அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான்.

அவ்வளவு மெல்லிய படலம் என்ன செய்யும்? தண்ணீரை ஒட்டவிடாது, முத்து முத்தாக உருட்டிவிடும். தூசியும் சேறும் இறுகப் பிடிக்காது, கழுவும் வேலை பாதியாகும். பறவை எச்சம், பூச்சிக் கறை, பிசின் போன்றவை பெயின்டைத் தொடுவதற்கு முன் நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். நிறம் ஆழமாகத் தெரியும், குறிப்பாகக் கறுப்பிலும் சிவப்பிலும்.

செய்யாதது என்ன? ஜிஎஸ்டி சாலையில் முன்னால் போகும் டிப்பர் லாரியிலிருந்து தெறிக்கும் கல்லை நிறுத்தாது. பைக் ஹேண்டில் உரசினால் கீறல் விழும். துருவையும் தடுக்காது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் இருப்பவர்களிடம் "உப்புக் காத்துக்கு இதுதான் சார் மருந்து" என்று சொல்லி விற்கிறார்கள். கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடம், கதவின் அடி விளிம்பு, தகடுகள் சேரும் மடிப்பு, வண்டியின் அடிப்பாகம் ஆகியவைதான் துரு தொடங்கும் இடங்கள். கோட்டிங் அங்கெல்லாம் எட்டுவதே இல்லை. கடலோரத்தில் இருந்தால் அந்தப் பணத்தில் முதலில் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு போடுங்கள்.

"9 எச் கடினம்" என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். அது பென்சில் சோதனை. 6 பி-யில் தொடங்கி 9 எச் வரை உள்ள பென்சில்களை ஒரே சாய்வில் அழுத்தி இழுத்து, எது கீறுகிறது என்று பார்ப்பார்கள். 9 எச் என்றால் வரிசையிலேயே கடினமான பென்சிலும் கீறவில்லை என்று அர்த்தம். நம் தெருப் புழுதியில் இருக்கும் மணல் குவார்ட்ஸ், பென்சில் முனையைவிட மிகவும் கடினமானது. துணியில் நாலு மணல் துகள் இருந்தால் 9 எச்-உம் கீறும்.

இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்

இது இலவசம், பத்து நிமிட வேலை. காரைக் கழுவித் துடைத்து, இருட்டியதும் செல்போன் டார்ச்சைப் பானட்டுக்கு ஒரு முழம் மேலே பிடியுங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றி சிலந்தி வலை போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தால், தவறான துணியால் துடைத்திருக்கிறார்கள் என்று பொருள். கடைக்காரர்கள் இதை ஸ்விர்ல் மார்க் என்பார்கள். புதுக் காரில் எப்படி வரும் என்று நினைக்காதீர்கள். ஸ்டாக் யார்டில் வாரக்கணக்கில் புழுதியில் நின்ற வண்டியை டெலிவரி அன்று காலையில் அவசரமாகத் துடைப்பார்கள். என் இரண்டாவது காரில் முதல் நாள் இரவே பின் கதவில் இவற்றைப் பார்த்தேன்.

அடுத்து, காய்கறிக் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய பெயின்ட் மேல் லேசாகத் தடவுங்கள். வெறும் கைக்கு வழவழப்பாக இருந்த இடம் கவர் வழியாகச் சொரசொரப்பாகத் தெரிந்தால், பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் துகளும் சாலைத் தாரும் படிந்திருக்கின்றன. கோட்டிங்குக்கு முன் இவற்றை க்ளே பார் (களிமண் போன்ற பிசுபிசுப்பான கட்டி) போட்டு எடுக்க வேண்டும்.

இந்த இரண்டையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோட்டிங் கண்ணாடி மாதிரி, கீழே எது இருக்கிறதோ அதை அப்படியே காட்டும். கீறலோடு போட்டால் கீறல் அடியில் அப்படியே சிக்கி, வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். கோட்டிங் போட்டதும் "வண்டி புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று மகிழ்கிறோமே, அதில் பெரும்பங்கு அதற்கு முன் போட்ட பாலிஷுக்கு. டார்ச் வெளிச்சத்தில் கீறல் அதிகம், ஆனால் கோட்டிங்குக்குப் பணம் இல்லை என்றால் நல்ல இடத்தில் பாலிஷ் மட்டும் போட்டு மேலே வேக்ஸ் தடவுங்கள். கண்ணுக்குக் கிடைக்கும் பலன் ஏறக்குறைய அதுதான்.

தண்ணீரை அளந்து பாருங்கள்

எங்கும் யாரும் கேட்காத கேள்வி இது. எனக்கு இதுதான் முதல் கேள்வி.

சில நூறு ரூபாய்க்குப் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கும். கார் கழுவும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து முக்கிப் பாருங்கள். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவை அது காட்டும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. பள்ளிக்கரணைப் பக்கம் எங்கள் குடியிருப்பின் போர் தண்ணீர் 1,400 காட்டியது. கோவையில் அக்கா வீட்டில் சிறுவாணித் தண்ணீரில் அதே மீட்டரை வைத்தபோது இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை. அக்காவின் காரும் என்னுடையதும் ஒரே வயது. அக்கா காரின் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது.

போர் தண்ணீர் துளி வெயிலில் காய்ந்தால் தண்ணீர் போய்விடும், கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வட்டமாக நிற்கும். சூடான பானட்டில் அது திரும்பத் திரும்ப நடந்தால் வட்டம் க்ளியர் கோட்டிலேயே பதிந்துவிடும். கோட்டிங் போட்ட காரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சாதாரணப் பெயின்டில் தண்ணீர் பரவிக் காயும். கோட்டிங் மேல் முத்தாக உருண்டு நின்று, உப்பு முழுவதையும் ஒரே புள்ளியில் இறக்கிவிட்டுப் போகும். "20,000 கொடுத்துப் போட்டேன், வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளி" என்று புலம்புபவர்கள் பலரும் போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டவர்கள்தான்.

ஆக, மீட்டர் 500-க்கு மேல் காட்டினால், கழுவியவுடன் நிழலில் ஒரு சொட்டு விடாமல் துடைக்க உங்களால் முடியுமா என்று நேர்மையாக யோசியுங்கள். முடியாது என்றால் கோட்டிங் வேண்டாம். கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் ஒரு பக்கெட் கிடைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது.

ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டு ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் கார் கழுவப் பிடித்து வைக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. வாசல் கழுவலாம், பாத்ரூமுக்குப் பயன்படுத்தலாம். பெயின்ட் மேல் வேண்டாம்.

கார் எங்கே நிற்கிறது, யார் துடைக்கிறார்கள்

மூடிய பார்க்கிங் இருக்கிறதா? அலுவலகத்திலும் பேஸ்மென்ட்தானா? அப்படியென்றால் உங்கள் காருக்குக் கோட்டிங்கின் தேவை மிகவும் குறைவு. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வேக்ஸ் போதும்.

தெருவில் மரத்தடியில் நிற்கும் கார் என்றால் கதை வேறு. வெயிலுக்கு மரநிழல் நல்லதுதான், ஆனால் மேலே காக்கைகள் அடையும். நாவல் மரமாக இருந்தால் பழ சீசனில் ஊதாக் கறை, பழத்தைத் தின்ன வரும் வௌவால்களின் எச்சம் வேறு. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் க்ளியர் கோட் விரிந்து இளகும்போது எச்சம் அதன் மேல் காய்ந்து இறுகும், மாலையில் பெயின்ட் சுருங்கும்போது அந்த வடிவம் பதிந்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு பகல் போதும். இத்தகைய காருக்குக் கோட்டிங் உண்மையிலேயே உதவும். ஆனாலும் எச்சத்தை அன்றே எடுத்துவிட வேண்டும். நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, அப்படியே தூக்கி எடுங்கள். தேய்த்தால் அதிலுள்ள விதையும் மண்ணும் கீறும்.

துடைப்பது யார் என்பது அதைவிட முக்கியம். எங்கள் குடியிருப்பில் ஒரு அண்ணன் தினமும் காலை ஐந்தரைக்கு வந்துவிடுவார். முப்பது கார், ஒரு பக்கெட், ஒரு துணி. அந்தத் துணி என் காருக்கு வரும்போது இருபது கார்களின் மணல் அதில் இருக்கும். எந்தக் கோட்டிங்கும் இதைத் தாங்காது. "அண்ணே, தினமும் துடைக்க வேண்டாம், வாரம் ஒரு நாள் நல்லா தண்ணி ஊத்திக் கழுவினா போதும்" என்று சொன்னேன். "துடைக்கலைன்னா வேலை செய்யலைன்னு நினைப்பாங்க தம்பி, உங்க வண்டியைப் பார்த்து மத்தவங்களும் கேப்பாங்க" என்றார். அவர் பிழைப்பும் அதில் இருக்கிறது. அதே சம்பளம் தருகிறேன், வாரம் இரண்டு நாள் மட்டும் போதும் என்று பேசி, எனக்கென்று ஒரு பக்கெட்டும் நான்கு மைக்ரோஃபைபர் துணியும் கொடுத்து, முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிய பிறகே துணி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இன்றுவரை அப்படியே செய்கிறார். பெயின்டுக்காக நான் செய்தவற்றில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. இதற்கு ஆன செலவு 600 ரூபாய்.

இந்த ஏற்பாட்டை முதலில் செய்யுங்கள். இதைச் செய்ய வழியில்லை என்றால், கோட்டிங்குக்குக் கொடுக்கும் பணம் ஆறே மாதத்தில் வட்ட வட்டக் கீறலாகிவிடும்.

கணக்குப் போடலாம்

விலை கடைக்குக் கடை மாறும். நான் விசாரித்தவரை சின்னக் காருக்குப் பாலிஷ் சேர்த்துச் செராமிக் கோட்டிங் 12,000 முதல் 25,000 வரை, பெரிய எஸ்யூவிக்கு அதற்கும் மேல். "ஐந்து ஆண்டு", "ஆயுள் முழுக்க" என்று அட்டையில் இருக்கும். வெயிலில் நின்று போர் தண்ணீரில் குளிக்கும் காருக்கு இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பான கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே மெயின்டனன்ஸ் செய்தால்தான் வாரண்டி செல்லும் என்பார்கள், அதற்கு ஒவ்வொரு முறையும் 1,500 என்று வையுங்கள். 20,000 கொடுத்துப் போட்டால் இரண்டு ஆண்டில் மொத்தம் 26,000, ஆண்டுக்கு 13,000.

நாமே போடும் சிலிக்கா கலந்த ஸ்ப்ரே ஒரு பாட்டில் 1,000 ரூபாய் அளவில் கிடைக்கிறது. கழுவிய காரில் தெளித்துத் துடைத்தால் மூன்று நான்கு மாதம் தண்ணீர் உருளும். ஷாம்பு, துணி எல்லாம் சேர்த்தும் ஆண்டுக்கு 3,000 தாண்டாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் செலவழிக்க விருப்பம் உள்ளவர்களுக்கு இதுதான் என் முதல் பரிந்துரை. கார்னாபா வேக்ஸ் இன்னும் மலிவு, பளபளப்பு அழகாக இருக்கும். பிரேசிலின் ஒரு பனை வகை இலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது, நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதம் நிற்கும்.

டெஃப்லான் கோட்டிங் என்று இன்னும் சில ஷோரூம்களில் 4,000, 5,000 வாங்குகிறார்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அந்தப் பொருள் 327 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அதைக் கல்லில் இறுக்க அந்த அளவுக்குச் சூடாக்க வேண்டும். காரில் அது நடக்கவே முடியாது, அவர்கள் தடவுவது வேக்ஸ் போன்ற ஒரு பூச்சு. வேண்டாம்.

கல் தெறிப்பதும் கீறலும்தான் உங்கள் கவலை என்றால் நீங்கள் தேடுவது பிபிஎஃப், அதாவது பெயின்ட்டைக் காக்க மேலே ஒட்டும் ஃபிலிம். பாலியூரித்தேன் ஃபிலிம், 150 முதல் 200 மைக்ரான் தடிமன், அதாவது பெயின்ட் முழுவதையும்விடத் தடிமன். கார் முழுக்க ஒட்டினால் லட்சத்தைத் தொடும். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுபவர்கள் முன் பம்பர், பானட்டின் முன்பகுதி, கதவுக் கைப்பிடிக் குழி, டிக்கியில் பெட்டி உரசும் விளிம்பு ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், திறந்த வெளியில் நிற்கும் அடர்நிறக் கார், ஓரளவு நல்ல தண்ணீர், சரியாகக் கழுவ ஆள், ஐந்தாறு ஆண்டு வைத்திருக்கும் எண்ணம், இவை எல்லாம் சேர்ந்தால் போடுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். வெள்ளை, வெள்ளிநிறக் கார்களுக்கு அவசரமே இல்லை, அவற்றில் கீறலும் புள்ளியும் கண்ணுக்குப் படுவது குறைவு. இரண்டு மூன்று ஆண்டில் விற்கப் போகிறீர்கள் என்றாலும் வேண்டாம். வாங்குபவர் கிலோமீட்டரும் சர்வீஸ் புத்தகமும் டிங்கரிங் நடந்திருக்கிறதா என்பதும்தான் பார்ப்பார், கோட்டிங்குக்குத் தனி விலை தர மாட்டார்.

போடுவது என்று முடிவு செய்தால்

என் முதல் காரை ஒரு கடையில் காலை பத்து மணிக்கு விட்டு மாலை ஆறு மணிக்கு எடுத்தேன். கடையின் விளக்கில் கண்ணாடி போல இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு பெட்ரோல் பங்கில் இரவு வெளிச்சத்தில் பார்த்தபோது, பானட் முழுக்க பழைய வட்டக் கீறல்கள். பாலிஷே சரியாகப் போடாமல், கீறலை மறைக்கும் எண்ணெய்ப் பசை கலந்த எதையோ தடவி, அதன் மேல் கோட்டிங் பூசியிருந்தார்கள். பசை கழுவப்பட்டதும் கீறல் வெளியே வந்துவிட்டது, பசையின் மேல் நின்ற கோட்டிங்கும் போய்விட்டது. 18,000 ரூபாய்.

அதனால் நாள் கணக்கை முதலில் கேளுங்கள். கழுவுதல், க்ளே, பாலிஷ், துடைப்பு, கோட்டிங், உலர்தல் எல்லாம் ஒழுங்காகச் செய்ய இரண்டு நாளாவது வேண்டும். பாலிஷ் முடிந்து கோட்டிங் தொடங்கும் முன் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். நேரில் போய், ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலவையால் ஒரு இடத்தைத் துடைக்கச் சொல்லி, உங்கள் டார்ச்சை அடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் அதில் போய்விடும், உண்மை நிலை தெரியும். இதற்குத் தயங்கும் கடையில் காரை விடாதீர்கள். நல்ல வேலைக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார்.

பழைய கார் என்றால் பாலிஷுக்கு முன் பெயின்ட் தடிமன் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை கீறலைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்ட் பசை போடும்போதும் க்ளியர் கோட் சில மைக்ரான் தேயும், அது திரும்ப வராது. மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பெயின்ட்) வண்டி என்றால் பாலிஷ் போடவே கூடாது. சமீபத்தில் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த பகுதி இருந்தால் ஒரு மாதமாவது காத்திருங்கள், உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். ஃபேக்டரி பெயின்ட் சூளையில் சுட்டு வருவதால் புதுக் காருக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது.

வாரண்டி அட்டையில் எது சேராது என்ற பகுதியைப் படியுங்கள். தண்ணீர்ப் புள்ளி, பறவை எச்சம், கீறல் எல்லாம் அதில் இருக்கும். சீல் பிரிக்காத பாட்டிலைக் காட்டச் சொல்லிப் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

போட்ட பிறகு முதல் நாள் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு போட்டுக் கழுவக்கூடாது. அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில், மூடிய பார்க்கிங் இல்லாமல் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். பிறகு கழுவும்போது பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், கார் ஷாம்பு போதும்.

இன்னொன்று, ஆயுத பூஜை. பானட்டில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, அது தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். என் வெள்ளைக் காரில் பத்து நாள் வெயிலில் காய்ந்த குங்குமம் விட்டுப்போன இளஞ்சிவப்புக் கறை பாலிஷ் போட்ட பிறகும் முழுதாகப் போகவில்லை. இப்போது முன் கண்ணாடியின் மேல் மூலையில் வைக்கிறோம். அம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, வண்டி நெற்றி பானட்தானே என்றார். கண்ணாடிதான் நெற்றி என்று பேரன் சொன்ன பிறகு சரி என்றுவிட்டார். கண்ணாடியில் ஈரத் துணி போட்டு இழுத்தால் ஒரு நிமிடத்தில் போய்விடும்.